தோல் டாக்டர்

இந்தக் காலத்து மனுஷர்களுக்குப் பல் வலித்தால் தெருவுக்கே தெரிகிறது. உயிர் போகிற நோயை மட்டும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொள்கிறார்கள். பஸ் ஓட்டி ஓய்ந்த கிழவருக்கு அன்று காலையில் வந்த எரிச்சல் அதுதான். குளியலறைக் கதவைத் தட்டித் தட்டி அவர் கை காந்தியது. உள்ளே கிழவி தாழ் போட்டுக்கொண்டு அசையவில்லை. அழுக்குத் துணிக்கூடையில் ரத்தமும் சீழும் படிந்த உள்ளாடையைப் பார்த்துவிட்ட மருமகள் பக்கத்தில் நின்றாள்.

"அத்தை, நான் என்ன வேத்தாளா? நான் மட்டும் பாக்கறேன், திறங்க."

கதவு திறந்தது. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது மருமகள் முகத்தில் ரத்தமில்லை. கிழவியின் மார்பில் கட்டி, தோலைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தது.

"எவ்வளவு நாளா அத்தை?"

"வருஷம் ஒண்ணு இருக்கும்."

"வீட்டுலயே டாக்டர் இருக்கேனே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போவே. அங்க அறுக்கறவன் அத்தனை பேரும் ஆம்பளை. அவன் முன்னாடி அவுத்துப் போட்டுட்டுப் படுக்கறதுக்குச் செத்துடலாம். ஏன், நீயே எடுத்துடேன்?"

"எனக்கு அது தெரியாது அத்தை. நான் படிச்சது தோல்."

கிழவருக்குப் பழைய பேச்சு நினைவுக்கு வந்தது. மேல்படிப்புக்கு எதை எடுப்பது என்று இதே வீட்டில் பேச்சு நடந்த அன்று, மருமகள் அறுவை சிகிச்சைதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அந்த இடமும் அவளுக்குக் கிடைக்கும் என்றார்கள்.

"கத்தியைத் தூக்கிட்டு ராப்பகலா அங்க நின்னா, என் பிள்ளைக்கு யாரு சோறு போடறது? தோல்னா அஞ்சு மணிக்கு வீடு வந்துடலாம்ல," என்றாள் கிழவி. பிள்ளை செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கிழவருக்கு எந்த டாக்டர் மீதும் நம்பிக்கையில்லை. எதைப் படித்தால் என்ன என்று தட்டில் இருந்ததைத் தின்று முடித்தார். மூன்று பேர் பசிக்கு முன்னால் அவள் ஆசை எடுபடவில்லை.

அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். சர்ஜன் தொட்டுப் பார்த்து முடிக்கும்வரை கிழவி சுவரைப் பார்த்தபடியே கிடந்தாள். நுரையீரல்வரை பரவிவிட்டது என்று படமெடுத்துச் சொன்னார்கள்.

"முன்னாடியே வந்திருக்கலாமேம்மா?"

"பொம்பளை டாக்டர் யாராவது இருந்தா வந்திருப்பேங்க."

"என்ன செய்ய? பொண்ணுங்களுக்கே இந்த வேலையில விருப்பமில்ல. யாரு தடுக்கறா? அவங்களா வேற பக்கம் போயிடறாங்க."

கிழவி படுத்தபடியே தலையாட்டினாள்.

"வாஸ்தவம்தாங்க. எங்க மருமகளும் அவளா ஆசைப்பட்டுத்தான் தோல் எடுத்தா."

மருமகள் குனிந்து, கிழவியின் சட்டைப் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். ஒன்று மட்டும் துளைக்குள் போக மறுத்தது.

சர்ஜன் கிழவரைப் பார்த்தார், ஆமாம் சொல்வார் என்று.

"ஆசையாமில்ல, ஆசை!" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கிழவர் வாசலைப் பார்க்க நடந்தார்.