ஃபெர்ரியைத் தவிர்த்த வழி

ரூபா மோட்டார் சைக்கிள் ஓட்டுவதில் யாருக்கும் சளைத்தவள் இல்லை. வழி கண்டுபிடிப்பதில்தான் தகராறு. விருதுநகரிலிருந்து கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்து ஒன்பது மாதம் ஆகியும், டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் இருக்கும் வீட்டிலிருந்து கிளம்பி மூன்றாவது திருப்பத்தில் தடுமாறுவாள். மாடுகளுக்குத் தடுப்பூசி போடும் வேலை அவளுக்கு. இதுவரை யாராவது கூட வந்தார்கள். வியாழக்கிழமை கடலுக்கு அக்கரையில் இருக்கும் பம்பூஃப்ளாட் பக்கம் தனியாகப் போக வேண்டும். ஒன்பது மணிக்கு முப்பத்தோரு மாடுகள் காத்திருக்கும். முடியாவிட்டால் ஆபீஸிலேயே உட்கார்ந்து பதிவேடு எழுதலாம் என்று அதிகாரி நயமாகச் சொல்லிவிட்டார். அந்த நாற்காலியை நினைத்தாலே அவளுக்குக் கசந்தது.

அதனால்தான் வண்டியில் மாட்டும் ஜிபிஎஸ் பெட்டி ஒன்றை, இருப்பதிலேயே மலிவாகப் பார்த்து வரவழைத்தாள். மெயின்லேண்டிலிருந்து வந்து சேர மூன்று வாரம் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புருஷனும் பெண்டாட்டியும் வாசலில் வண்டியோடு மல்லுக்கட்டினார்கள். ரவிசங்கர் தீவிலேயே பிறந்தவன், ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில், படகுகள் வந்து நிற்கும் துறையில், வேலை. ஹேண்டில்பாரில் கிளாம்பை இறுக்கி, வயரை சீட்டுக்கு அடியில் இழுத்து, நடுவில் ஒரு ஃப்யூஸ் வைத்து பேட்டரியில் இணைத்தான். சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்ய, மெமரி கார்டில் வரைபடத்தை ஏற்றினான். ரூபா திரையின் வெளிச்சத்தைக் கூட்டினாள். மாட்டுக்காரர்களின் வீடுகளை ஒவ்வொன்றாகக் குறித்து, தம்பையா, புஷ்பா, முனியாண்டி என்று பெயர் கொடுத்தாள். வண்டியைக் காட்டும் அம்புக்குறிக்குப் பதிலாக அவன் விமானப் படத்தைப் போட்டான்.

“டாக்டரம்மா பறந்து போகணும்ல?”

“மாட்டுக்கு முன்னால உங்களுக்குத்தான் முதல் ஊசி.”

அவள் டீ போட்டுக்கொண்டு வந்தபோது, செட்டிங் எல்லாம் பக்கா, பெட்டி சொல்கிற வழியிலேயே போனால் போதும் என்றான்.

வியாழக்கிழமை ஏழு மணிக்கு, ஐஸ் பெட்டியில் மருந்தோடு கிளம்பினாள். சாத்தம் ஜெட்டியில் வண்டியோடு ஃபெர்ரி ஏறினால் கால் மணி நேரத்தில் அக்கரை என்று கேள்விப்பட்டிருந்தாள். ஜெட்டி இப்போது வரும், அப்போது வரும் என்று ஓட்டினாள். ஒன்றேகால் மணி நேரமாகியும் கடலையே காணோம். ஃபெராக்கஞ்ச் என்று எழுதிய பலகை வந்ததும் வண்டியை நிறுத்தினாள். பெட்டி காட்டிய சுற்று வழியில் பாதிக்கு மேல் வந்தாயிற்று. பெட்டியின் செட்டிங்கில் ஒவ்வொன்றாகத் தேடினாள். ‘தவிர்க்க வேண்டியவை’ பட்டியலில் ஃபெர்ரிக்கு நேராக ஒரு டிக்.

போன் போட்டாள். டிக் போட்டது தான்தான் என்று ரவிசங்கர் ஒப்புக்கொண்டான்.

“போட்ல கால் வச்சாலே உனக்கு வாந்தி வரும்ல. மருந்துப் பெட்டியோட கஷ்டப்படுவியேன்னு...”

“அம்பது கிலோமீட்டர் சுத்தினா கஷ்டமில்லையா?”

“அரே, இவ்வளவு சுத்துன்னு யோசிக்கல. திரும்பி வா ரூபா. லீவு சொல்லிட்டு நானும் கூட வர்றேன்.”

“நீங்க கூட வந்தா அப்புறம் அந்த நாற்காலிதாங்க. என் வயித்தைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.” போனை வைத்துவிட்டு முன்னோக்கியே போனாள்.

போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. ஒன்பதேகால் வரை பார்த்துவிட்டுப் பாதிப் பேர் மாட்டை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். நின்றவர்களை முதலில் முடித்தாள். பிறகு ஜிபிஎஸ் பெட்டியில் பெயர் பெயராக அழுத்தி, ஒவ்வொரு கொட்டிலாகத் தேடிப் போனாள். புஷ்பா திட்டிக்கொண்டே மோர் கொடுத்தாள். ஒன்றரை மணிக்கு முப்பத்தோராவது மாடு முடிந்தது. மருந்துப் பெட்டியில் ஐஸ் இன்னும் மிச்சமிருந்தது. அதிகாரியிடம் போனில் கணக்கைச் சொன்னாள். அடுத்த வியாழனும் நீயே போய்விடு என்றார் அவர்.

திரும்பும்போது அந்த டிக்கை எடுத்துவிட்டாள். ஃபெர்ரியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை வாந்தி எடுத்தாள்.

ஏறுமுன் அவள் அனுப்பிய செய்தியைப் பார்த்து, சாத்தம் ஜெட்டியில் ரவிசங்கர் வெயிலில் நின்றிருந்தான்.

“எத்தனை தடவை?” என்றான் குற்றவாளி மாதிரி.

“ரெண்டு. மாடு முப்பத்தொண்ணு. அடுத்த வாரமும் நான்தான்.”

அவன் அவள் நெற்றி வியர்வையைக் கைக்குட்டையால் துடைத்தான். பழக்கத்தில் வண்டியில் முன்னால் உட்காரப் போனவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினான்.