முழங்கால் வரை

சர்ஜன் ரவுண்ட்ஸ் வரும் நேரம். பேருந்து ஓட்டுநரின் போர்வையைக் கால்மாட்டிலிருந்து தூக்கி, இரண்டாக மடித்து, முழங்காலுக்கு மேலே வைத்தாள் அந்த இளம் நர்ஸ். இரண்டு கால்களும் ஜன்னல் வெளிச்சத்தில் கிடந்தன. வலது கால் எப்போதும்போல இருந்தது. இடது கெண்டைக்கால் தடித்து, தோல் இழுபட்டு மினுங்கியது. விரலை வைத்து லேசாக அழுத்தினாள். சூடாக இருந்தது. அவர் முகம் சுளித்தார்.

“அது கிளட்ச் கால் சிஸ்டர். மிதிச்சு மிதிச்சே பழகினது. இப்படிச் சும்மா போட்டு வச்சா கோவம் வராதா?”

அவருக்குக் குடலில் அறுவை சிகிச்சை முடிந்து சில நாட்கள் ஆகியிருந்தன. வயிற்றுக் கட்டு சுத்தமாக இருந்தது. எல்லோரும் பார்ப்பது அந்தக் கட்டைத்தான். படுத்தே கிடப்பவர்களின் காலில் ரத்தம் உறையும், அது ஒருநாள் கிளம்பி நுரையீரலுக்குப் போய் அடைக்கும் என்பதெல்லாம் அவள் படித்துத் தேறிய பாடம். தேர்வில் படம் வரைந்து எழுதியிருந்தாள்.

போர்வையை மடிப்பது மட்டும் பாடத்தில் இல்லை. அது பெரியக்காவிடமிருந்து வந்தது.

பெரியக்கா அந்த வார்டின் பொறுப்பு நர்ஸ். யாருக்கும் எதையும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் பெரியக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்றே எல்லாவற்றையும் கற்றாள். நரம்பு கிடைக்காத கையை வெந்நீர்த் துணியில் சுற்றிக் காத்திருப்பது, பயந்த நோயாளியிடம் ஊசி போடும் நேரத்தில் அவர் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பது, மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கும் சொந்தக்காரர்களிடம் எந்தக் குரலில் பேசுவது. கூச்ச சுபாவம் உள்ளவளுக்கு அது வசதியாகவும் இருந்தது. கேள்வி கேட்க வேண்டியதில்லை, பார்த்தால் போதும். வந்து இரண்டு வருடமாகியும் வார்டில் அவளுக்குப் ‘புதுசு’ என்றுதான் பெயர்.

சர்ஜன் முன்னால் எப்படி நிற்பது என்பதையும் அப்படித்தான் கற்றாள். கைகள் பின்னால். பார்வை அவருடைய வெள்ளைக் கோட்டின் இரண்டாவது பொத்தானில். முகத்தைப் பார்த்தால் எதிர்ப்பது போலிருக்கும். தரையைப் பார்த்தால் தப்புச் செய்தவள் போலிருக்கும். பொத்தான்தான் சரி. அவரிடம் எதையும் சொல்லக் கூடாது, அவரே கண்டுபிடிக்க வேண்டும். புண்ணில் சீழ் வாடை வந்தால் பெரியக்கா கட்டைப் பாதி அவிழ்த்து வைப்பாள். சிறுநீர் குறைந்தால் பையைத் திருப்பி, அளவுக் கோடுகள் அவர் பக்கம் தெரியும்படி தொங்கவிடுவாள். காலில் ஏதாவது என்றால் போர்வையை மடிப்பாள். சர்ஜனின் கண் அங்கே போகும். “இதை யாருமே பார்க்கலையா?” என்று ஒரு சத்தம். பிறகு சரியான மருந்து. பெரியக்கா திட்டு வாங்கிக்கொள்வாள், நோயாளி பிழைத்துக்கொள்வார்.

வாயால் சொன்னவளும் ஒருத்தி இருந்தாள். வார்டே அவளை வாயாடி என்று கூப்பிடும். ஒருமுறை எல்லோர் முன்னாலும், “சார், இந்த மருந்து அவருக்கு ஒத்துக்காது, போன தடவையே உடம்பெல்லாம் தடிச்சுது” என்றாள். அவள் சொன்னது சரி. மருந்து மாற்றப்பட்டது. அடுத்த வாரமே வாயாடியும் மாற்றப்பட்டாள், அடித்தளத்தில் கருவிகளை ஆவியில் அவிக்கும் அறைக்கு. “நல்லாத்தான்டி இருக்கு,” என்றாள் ஒருநாள் லிஃப்ட் அருகே. “கத்தரிக்கோல், இடுக்கி எல்லாம் நான் சொன்னபடி கேக்குது. எதுவும் என்னை முறைக்கிறதில்ல.” சிரிக்கும்போது நீராவியில் சிவந்த கைகளை இடுப்பில் கட்டிய துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள். வார்டில் இருந்த எல்லோரும் அந்தக் கைகளைப் பார்த்திருந்தார்கள்.

பெரியக்கா வந்து மடித்த போர்வையைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள்.

“விடிகாலையே கவனிச்சேன். நல்லா மடிச்சிருக்க.”

அவளுக்கு மனசு குளிர்ந்தது. பெரியக்கா யாரையும் பாராட்டி அவள் கேட்டதில்லை.

சர்ஜன் காதில் போனோடு வந்தார். வார்டின் வாசலில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டதுமே ஓட்டுநரின் மனைவி நாற்காலியிலிருந்து பதறி எழுந்தாள். பெரிய டாக்டர் வருகிறார், மனிதர் இப்படிக் காலை விரித்துக்கொண்டு கிடக்கிறாரே என்று நினைத்திருப்பாள். போர்வையை இழுத்துப் பாதம் வரை மூடினாள். ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகினாள். வீட்டில் விருந்தாளி வரும்போது கட்டிலைச் சரிசெய்பவளைப்போல, கையால் ஒருமுறை தடவியும் விட்டாள்.

எல்லாம் ஒரு நொடியில் முடிந்தது. மடித்தவள் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றாள். இந்தப் பக்கம் சர்ஜன். வயிற்றுக் கட்டை விலக்கிப் பார்த்தார்.

“அழகா ஆறியிருக்கு. நாளைக்கு வீட்டுக்குப் போகலாம். என்ன டிரைவர், வண்டி ரெடியா?”

“நீங்க விசில் குடுத்தா கிளம்பிடுவேன் சார்.”

சர்ஜன் சிரித்தார். பிறகு ஒவ்வொரு கட்டிலிலும் கேட்பதை, பாதி திரும்பியபடி கேட்டார். “வேற ஒண்ணும் இல்லையே?”

சொல்ல வேண்டிய வாக்கியம் தயாராக இருந்தது. ‘இடது கெண்டைக்கால் வீங்கியிருக்கு சார்.’ அவ்வளவுதான். பெரியக்காவைப் பார்த்தாள். பெரியக்காவின் கண் இரண்டாவது பொத்தானில் இருந்தது. அவளுடைய கண்ணும் அங்கே போனது. வெள்ளைப் பொத்தான், நான்கு துளை. சர்ஜன் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

பிறகு பெரியக்கா டியூட்டி டாக்டரைப் போனில் பிடித்தாள். “பெரியவரே பார்த்துட்டு வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாரு, அதுக்கு மேல நான் என்னத்தப் பார்க்க? ஆபரேஷன் தியேட்டர் வேலை முடியட்டும், வர்றேன்” என்றார் அவர். பெரியக்கா ஓட்டுநரிடம் கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். அவர் தலையாட்டினார். ஆனால் வீட்டுக்குப் போகும் மனிதர். மனைவி காப்பி வாங்கப் போன நேரத்தில் சவரம் செய்துகொள்ள எழுந்து போனார். கை கழுவும் தொட்டியருகே விழுந்தார். அவளும் பெரியக்காவும் மாறி மாறி நெஞ்சை அழுத்தினார்கள். ஒரு கன்னத்தில் மட்டும் சோப்பு நுரை இருந்தது. அழுத்த அழுத்த அது அசைந்தது. மனைவி காப்பியோடு திரும்பியபோது திரை போட்டிருந்தார்கள்.

மறுநாள் சர்ஜன் எல்லோரையும் தன் அறைக்கு அழைத்தார். அவர் கத்துவார் என்று நினைத்திருந்தாள். கத்தவில்லை. நிஜமாகவே புரியாதவரைப்போலக் கேட்டார்.

“கால் வீங்கியிருந்திருக்கு. என்கிட்ட ஏன் ஒருத்தரும் சொல்லல?”

எல்லோர் கண்ணும் பொத்தானில் இருந்தது.

“கவனிக்காம விட்டுட்டோம் சார்,” என்றாள் பெரியக்கா.

“இனிமேலாவது கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு வேலை பாருங்க.”

“சரி சார்.”

துணி அறையில் பெரியக்கா தலையணை உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளும் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றாள்.

“ஏன்க்கா கவனிக்கலன்னு சொன்னீங்க? நாம பார்த்தோமே.”

“பார்த்துட்டு சொல்லாம இருந்தோம்னு சொல்லவா?”

பெரியக்கா ஓர் உறையை உதறினாள். “எனக்குத்தான் பழகிப்போச்சு. நீ சொல்லியிருக்கலாம். உன் வாயை யாரு பிடிச்சா?”

“உங்களைப் பார்த்தேன்க்கா.”

பெரியக்காவின் கை நின்றது. திரும்பவில்லை. பிறகு மீண்டும் அடுக்கத் தொடங்கினாள், ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழும்படி.

சில நாள் கழித்து ஓட்டுநரின் மனைவி, விட்டுப்போன ஃபிளாஸ்க்கை வாங்க வந்தாள். அதற்காக வரவேண்டிய அவசியமில்லாத பொருள். மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

“உங்களையெல்லாம் நல்லாத்தான் சொல்வாரும்மா. அதுலயும் உன்னைத்தான் ரொம்ப. ‘சின்னப் பொண்ணு, நம்ம காலைக்கூட முகம் சுளிக்காம தொட்டுப் பார்க்குது’ன்னு.” மூடியை மறுபடி திறந்தாள். “அன்னைக்கு டாக்டர் வந்தப்போ காலெல்லாம் தெரிய படுத்திருந்தாரு. நான்தான் மூடிவிட்டேன். கடைசியா நல்லபடியா மூடிவிட்டேன்ங்கிறதுதான் மனசுக்கு ஒரு ஆறுதல்.”

அவள் ஃபிளாஸ்க்கை வாங்கித் துடைத்துப் பையில் வைத்துக் கொடுத்தாள். லிஃப்ட் வரை கூடவே நடந்தாள். எந்தக் குரலில் பேச வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பார்த்துக் கற்றதுதான். அந்தக் குரலில், “போய்ட்டு வாங்கம்மா” என்றாள். கதவு மூடியது.

அடுத்த மாதம் வார்டுக்கு நர்சிங் மாணவிகள் வந்தார்கள். அவர்களில் ஒல்லியான ஒருத்தி அவளுடைய முதுகுக்குப் பின்னாலேயே சுற்றினாள். எதுவும் கேட்க மாட்டாள். அந்தப் பெண்ணுக்கு அவளும் எதையும் சொல்லவில்லை. ஓட்டுநருக்குப் பிறகு அவள் எந்தப் போர்வையையும் மடிக்கவில்லை. ஆனால் பெரியக்கா தினமும் மடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

இடுப்பில் அறுவை சிகிச்சை செய்த தையல்காரர் ஒருவர் ஓட்டுநரின் கட்டிலில் படுத்திருந்தார். சர்ஜன் அவருடைய தையலைப் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார், பாதி திரும்பினார்.

“வேற ஒண்ணும் இல்லையே?”

கட்டிலின் கால்மாட்டில் ஏதோ அசைந்தது. அவள் குனிந்து பார்த்தாள். ஒல்லிப் பெண்ணின் கை சத்தமில்லாமல் முன்னால் நீண்டு, போர்வையின் ஓரத்தைப் பிடித்து, மெல்ல மேலே தள்ளியது. ஒரு மடிப்பு. இன்னொரு மடிப்பு. முழங்கால் வரை. தையல்காரரின் ஒரு கெண்டைக்கால் தடித்து மினுங்கியது. பிறகு அந்தக் கை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. அந்தப் பெண் நிமிர்ந்து நின்றாள். அவளுடைய கண்கள் சர்ஜனின் கோட்டில், மேலிருந்து இரண்டாவது பொத்தானில் அசையாமல் இருந்தன.

சர்ஜன் அடுத்த கட்டிலை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தார்.