உறையாத முப்பத்திரண்டு கரடிகள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாக எழுத நினைத்த விஷயமே அல்ல. மூன்று வரித் திருத்தமாக எழுதி எடுத்துக்கொண்டு போனேன். 'சளிக்காலத்துக்கான மூலிகை ஜெல்லி மிட்டாய் செய்முறையில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது. இஞ்சிச் சாற்றைப் பச்சையாகச் சேர்க்கக் கூடாது, கொதிக்க வைத்துத்தான் சேர்க்க வேண்டும். வருந்துகிறோம்.' அவ்வளவுதான். ஏதாவது பற்பொடி விளம்பரத்துக்குக் கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தால்கூடப் போதும்.

வாரப் பத்திரிகையின் ஆசிரியர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"திருத்தமெல்லாம் போட முடியாது மேடம். பதினாறு வருஷமா ஆரோக்கியப் பக்கத்துல ஒரு தப்பு வந்ததில்ல."

"இப்ப வந்திருக்கே சார். அதைத்தானே சொல்றேன்."

"வந்திருக்கலாம். நாம சொன்னதில்லையே." பிறகு அவருக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "ஒண்ணு பண்ணுங்க. இதையே கதையா எழுதிக் குடுங்க. சிறுகதைக்கு ரெண்டு பக்கம் காலியா கிடக்கு. சளி சீசன் வேற. கொஞ்சம் இதமா, குடும்பமா…"

இதமாவாம்! பொய்யை உண்மை என்று அச்சடித்தபோது ஏன் என்று கேட்க ஒரு நாதி இல்லை. உண்மையைப் போடுங்கள் என்று கெஞ்சினால், கற்பனைப் பக்கத்தில் இடம் இருக்கிறதாம். சரி. ரெண்டு பக்கம் என்றால் ரெண்டு பக்கம். (ஆசிரியர் இந்தப் பகுதியை வெட்டாமல் விட்டிருந்தால், அவர் கதைகளைப் படிப்பதில்லை என்று நான் இத்தனை நாள் சந்தேகித்தது சரி.)

2

தொடக்கம் ஒன்று: 'ஊரெல்லாம் தும்மிக்கொண்டிருந்த ஒரு குளிர்காலக் காலையில், அடுப்படியிலிருந்து இஞ்சியின் மணம் மெல்ல மிதந்து' — வேண்டாம். மணம் மெல்ல மிதந்து வருகிற கதைகளில் யாருக்கும் வேலை போவதில்லை.

தொடக்கம் இரண்டு: 'அவள் ஒரு எளிய சமையல்காரி. அவளுக்குள்ளும் ஒரு கனவு' — அண்ணி இதைப் படித்தால் கரண்டியோடு வருவார். அவருக்குள் கனவெல்லாம் கிடையாது. காலை ஏழேகாலுக்கு ஒரு பேருந்து உண்டு, அதைத் தவற விட்டால் ஏழு ஐம்பது.

தொடக்கம் மூன்றுதான் நிற்கிறது, ஏனென்றால் அது நடந்தது. திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு, குழந்தைகள் காப்பகத்தின் சமையலறையில், என் அண்ணி ஃபிரிட்ஜைத் திறந்து தட்டை வெளியே இழுத்தார். ரப்பர் அச்சில் முப்பத்திரண்டு கரடிக் குழிகள். வெள்ளிக்கிழமை மாலை ஊற்றியது. மூன்று இரவு குளிரில் இருந்தும் ஒன்றுகூட உறையவில்லை. தட்டைச் சாய்த்தால் முப்பத்திரண்டு கரடியும் சேர்ந்து ஒரு பக்கமாக ஓடின.

வாசலில் பெற்றோர் நின்றிருந்தார்கள். அன்றிலிருந்து தினம் ஒரு மூலிகைக் கரடி, இனி சளியே கிட்ட வராது என்று காப்பகத் தலைவி அவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தார். ஒரு மூன்று வயது வாண்டு குழிக்குள் விரலை விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "கரடி கரைஞ்சு போச்சு" என்று அறிவித்தது. எல்லோரும் சிரித்தார்கள். தலைவி சிரிக்கவில்லை.

"ஜெலட்டின் பொட்டலம் முழுசையும் போட்டீங்களா, இல்ல பாதி வீட்டுக்குப் போயிடுச்சா?"

பெற்றோர் முன்னால் கேட்டார். பதினோரு வருடம் அந்த அடுப்பில் நின்ற மனுஷியைப் பார்த்து. மாதத்தின் முதல் புதன்கிழமை பெற்றோர் குழு கூடும், அது முடிவு செய்யும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றும் அங்கேயே சொல்லிவிட்டார். அண்ணி ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்தார். ஏழேகால் பேருந்தில் போனவர் ஒன்பது மணிப் பேருந்தில் திரும்பினார்.

3

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்குப் போக வேண்டும். (கதையில் முன்னுக்குப் பின் போகாதீர்கள் என்பார் ஆசிரியர். திருத்தம் போட்டிருந்தால் எங்கேயும் போயிருக்க வேண்டாம்.)

தலைவி பத்திரிகைப் பக்கத்தைக் கத்தரித்து, பளபளவென்று பிளாஸ்டிக் உறை போட்டு, சமையலறைச் சுவரில் ஒட்டினார். இஞ்சி, புதினா, அதிமதுரம், எலுமிச்சை, தேன்*, ஜெலட்டின். கலவை வெதுவெதுப்பாக ஆறிய பிறகு பச்சை இஞ்சிச் சாற்றைச் சேர்க்கவும்.

"மேடம், இஞ்சிச் சாறைத் தனியா ஒரு கொதி விட்டு ஊத்திடறேன்."

"கூடாது. என்ன போட்டிருக்குன்னு பாருங்க. கொதிக்க வெச்சா சத்தெல்லாம் போயிடும்."

"பச்சையா ஊத்தினா உறையாது மேடம். போன வருஷம் பச்சை அன்னாசி போட்டு ஜெல்லி பண்ணி, தண்ணியா போச்சு. டப்பால வர்ற அன்னாசி போட்டா நல்லா நின்னுச்சு. இஞ்சியும் அந்த ஜாதிதான்."

"இந்தப் பக்கம் எழுதின வைத்தியர் ஐயாவை விட உங்களுக்குத் தெரியுமா?"

அண்ணி பச்சைச் சாற்றையே ஊற்றினார். சொன்னபடி செய்தார். சொன்னபடி செய்ததற்குத்தான் திருட்டுப் பட்டம். நெஞ்சு பொறுக்கவில்லை எனக்கு.

* ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. இதையாவது அந்தப் பக்கம் சரியாகச் சொல்லியிருந்தது.

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு வில்லி வேண்டும். தலைவியை வைத்து முயன்றேன். 'அவளுடைய குதிகால் செருப்பின் சத்தம் நடைபாதையில்' என்று தொடங்கி அடித்துவிட்டேன். அவர் ரப்பர் செருப்புதான் போடுகிறார். குழந்தைகளின் மூக்கைத் தன் கைக்குட்டையால் துடைக்கிறார். அந்தக் குளிர்காலத்தில் பாதிக் குழந்தைகள் இருமிக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பதறித்தான் அந்தப் பக்கத்தைக் கத்தரித்தார். பக்கத்தின் மூலையில் வெள்ளைத் தாடியோடு ஒரு பெரியவர் படம், கையில் மருந்து அரைக்கும் கல்வமும் குழவியும். கீழே, 'உங்கள் வைத்தியர் ஐயா.' நம்பிவிட்டார். நம்பியவரை எப்படி வில்லி ஆக்குவது? அண்ணியைத் திருடி என்றதற்காக ஆக்கலாம். பாதிதான் ஆகிறார்.

மீதிப் பாதிக்கு ஆள் இருக்கிறது. அந்தத் தாடி நான்தான்.

நான்கு வருடமாக வைத்தியர் ஐயா நானே. எனக்கு முன்னால் வார ராசிபலன் எழுதியவர்தான் ஐயாவாக இருந்தார். இந்த ஜெல்லிச் செய்முறை எழுதிய வாரம் எனக்கே மூக்கடைப்பு. சோபாவில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கணினியில் நாலு இடத்தில் பார்த்து, ஒரு செய்முறையை ஒட்டுப்போட்டேன். ஜெலட்டினை வாழ்நாளில் உருக்கியதில்லை. 'இஞ்சிச் சாற்றைக் கொதிக்க வைத்துச் சேர்க்கவும்' என்றுதான் முதலில் எழுதியிருந்தேன், சத்தியமாக. மாலையில் பக்கம் கட்டுகிறவர் கூப்பிட்டார்.

"மேடம், கடைசில ரெண்டு வரி குறையுது. வெள்ளையா தெரியுது. ஏதாவது நிரப்பிக் குடுங்களேன், மெஷினுக்குப் போகணும்."

நிரப்பினேன். 'சாற்றைக் கொதிக்க வைக்காதீர்கள், சத்து போய்விடும். கலவை வெதுவெதுப்பாக ஆறிய பிறகு பச்சையாகச் சேர்ப்பதே சிறந்தது.' சரியாக இரண்டு வரி. மேலே இருந்த வரியை அதற்கேற்ப மாற்றச் சொன்னதும் நான்தான். பச்சை என்றால் நல்லது, இயற்கை என்றால் நல்லது என்று ஊரே சொல்கிறதே, யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். தும்மிக்கொண்டே நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

5

திங்கட்கிழமை மாலை அண்ணி என் வீட்டுக்கு வந்தார். பையிலிருந்து அந்தப் பக்கத்தின் நகலை எடுத்து மேசையில் போட்டார். அதை நான் எழுதினேன் என்று அவருக்குத் தெரியாது. குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. நான் ஏதோ பத்திரிகையில் பிழை திருத்துவதாக அண்ணன் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

"படிச்சுப் பாரு. எந்தப் புண்ணியவான் எழுதினானோ, அடுப்புப் பக்கமே போயிருக்க மாட்டான். தாடியைப் பாரு, தாடியை!"

"ஆமா அண்ணி," என்றேன்.

"கறிக்கு இஞ்சி தடவி ஊற வெச்சா ஏன் மெத்துனு ஆகுது? இஞ்சி கறியைத் தின்னுடும். ஜெலட்டின் எங்கேர்ந்து வருது? எலும்பு, தோல்லேர்ந்து. அதையும் தின்னுடும்ல? ஒரு கொதி விட்டா இஞ்சி அடங்கிடும்.** இது ஒரு பெரிய வித்தையா? தாடி வெச்சுட்டா வைத்தியனா?"

"இல்லதான் அண்ணி," என்றேன். தலையை வேறு ஆட்டினேன்.

அப்போது ஒரு வாய் வார்த்தை போதும். வரவில்லை. அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வேலை போனா போகுது. ஆனா அந்தப் பிள்ளைங்களோட அம்மாங்க முன்னாடி திருடின்னு… ஒரு சிட்டிகை சர்க்கரை எடுத்திருப்பேனா? நீ எழுதறவளாச்சே, குழுவுக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடு."

 ** இஞ்சியில் புரதத்தை உடைக்கிற ஒரு நொதி இருக்கிறது, சூட்டில் அது செயலிழந்துவிடும். புத்தகம் புரட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அண்ணிக்குக் கையாலேயே தெரிந்திருக்கிறது. ஜெலட்டினுக்குப் பதில் கடல்பாசி போட்டால், அதில் புரதம் இல்லாததால் இந்தத் தகராறு கிடையாது.

6

செவ்வாய்க்கிழமை தலைவிக்கு ஃபோன் செய்தேன். வாசகரே, என்னைக் கோழை என்று எழுதி முடித்துவிடாதீர்கள், ஒரு நாள் தாமதமான கோழை என்று எழுதுங்கள்.

"அந்தப் பக்கத்தை எழுதினது நான்தாங்க. செய்முறையே தப்பு. எங்க அண்ணி மேல ஒரு தப்பும் இல்ல."



"நீங்க அவங்க சொந்தம். அப்படித்தான் சொல்வீங்க. அதுக்காக இப்படியா? எழுதினது ஒரு பெரிய மனுஷர். படமே போட்டிருக்கு."

"படம் யாரோ வரைஞ்சதுங்க!"

"பத்திரிகைக்காரங்க சொல்லட்டும், நம்பறேன்."

பத்திரிகைக்காரர் என்ன சொன்னார் என்பது உங்களுக்கு முதல் பகுதியிலேயே தெரியும். ஐயா தாடியோடுதான் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். நான் சொன்ன பொய்யை நம்பினார்கள், நான் சொல்கிற உண்மையை நம்ப மாட்டார்களாம். எங்கே போய் முட்டிக்கொள்வது?

அன்று மாலையே அண்ணியிடம் சொல்லிவிட்டேன். முதலில் சிரித்தார். தாடியையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, மூச்சு வாங்கும்வரை சிரித்தார். பிறகு நிறுத்தினார்.

"எழுதினது தப்பு. சரி, போகட்டும், யாருக்கும் வரும். நேத்து நான் அந்தாளைத் திட்டறப்ப நீயும் சேர்ந்து தலையாட்டினியே. அது எப்படி முடிஞ்சுது உன்னால?"

 

7

முடிவுகள்.

(அ) குழு கூடுகிறது. தலைவி எழுந்து, தழுதழுத்த குரலில் மன்னிப்புக் கேட்கிறார். கைதட்டல். — ஆசிரியருக்குப் பிடிக்கும். இதமாக இருக்கும்.

(ஆ) அண்ணி வேலையை உதறிவிட்டுச் சொந்தமாக மூலிகைக் கரடி செய்து விற்கிறார். ஊரே வாங்குகிறது. — இது அவர் தலையில் இன்னொரு வேலையைக் கட்டுவது. அவருக்கு வேண்டியது பழைய வேலை.

(இ) வேலை போய்விடுகிறது. கடைசி வரியில், மூடிய சமையலறை ஜன்னல் வழியாக அண்ணி ஒருமுறை —

இந்த மூன்றாவதை அண்ணியிடம் படித்துக் காட்டினேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்னைப் பாவம்னு எழுதாத. நான் சொன்னது சரின்னு எழுது."

எழுதிவிட்டேன் அண்ணி. ஆனால் கதையில் எழுதினால் கதை என்பார்கள். ஆகவே முடிவு எழுதுவதாக இல்லை.

இந்த இதழ் வெள்ளிக்கிழமை உங்கள் கைக்கு வரும். குழு அடுத்த புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கூடுகிறது. அந்தக் காப்பகத்தில் உங்கள் பிள்ளை படிக்கிறதென்றால், இது எந்தக் காப்பகம் என்று உங்களுக்கு இரண்டாம் பகுதியிலேயே புரிந்திருக்கும். தட்டு சாய்ந்தபோது சிரித்தவர்களில் நீங்களும் இருந்திருக்கலாம்.

செவ்வாய் மாலை கொஞ்சம் இஞ்சியைத் துருவிப் பிழியுங்கள். சாற்றை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியை அஞ்சு நிமிஷம் நன்றாகக் கொதிக்க விடுங்கள், மறு பாதியைத் தொடாதீர்கள். சுடுநீரில் ஒரே அளவு ஜெலட்டினை, ஒரே பொட்டலத்திலிருந்து, உங்கள் கையாலேயே அளந்து கரைத்து, வெதுவெதுப்பாக ஆறியதும் இரண்டு கோப்பைகளில் ஊற்றுங்கள். ஒன்றில் கொதித்த சாறு, இன்னொன்றில் பச்சைச் சாறு. இரண்டையும் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத் தூங்குங்கள். என்னை நம்ப வேண்டாம். நம்பும்படியாக நான் நடந்துகொள்ளவில்லை.

காலையில் இரண்டு கோப்பையையும் எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள். தலைவியின் முன்னால், எல்லாப் பெற்றோர் முன்னாலும், மேசையில் கவிழ்த்துங்கள். ஒன்று அசையாமல் நிற்கும். இன்னொன்று மேசை விளிம்பு வரை ஓடி, அவர் மடியில் சொட்டும்.

அப்போது கேளுங்கள்: இந்தக் கோப்பையிலிருந்த ஜெலட்டினை யார் வீட்டுக்குக் கொண்டு போனார்கள்?