குனியாதவரின் பாத்தி

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் சோம்பலில் பிறந்தது. தரையைக் கொத்தாமல், களை பிடுங்காமல் காய்கறி வளர்க்கலாம் என்று எங்கோ படித்தேன். வளர்க்கவில்லை. அதைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். முதல் வரி இப்படி வந்தது:

மண்ணின் மணம் அவரை வா வா என்று

அடித்துவிட்டேன். அவர் வீட்டின் பின்பக்கம் மண்ணே கண்ணில் படாது. முழுக்கப் புல், அதன் கீழே கல்லாய் இறுகிய தரை. அவரும் மணத்துக்கு மயங்குகிற ஆளில்லை. லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருடம் கிரீஸ் வாசத்தில் காலம் தள்ளியவர்.

2

ஒரு மோட்டாரைத் தூக்கும்போது முதுகு போயிற்று. குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்றார் மருத்துவர். அலுவலகம் வேறு வேலை தருவதாகச் சொன்னது: லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிட்டால் போனில் பேசுவது. நாற்காலியில் உட்கார்ந்து பேச நான் என்ன கிளியா என்று மறுத்துவிட்டார். [கோபமா, பயமா? இரண்டையும் எழுதிப் பார்த்தேன். பயம்தான் பொருந்தியது.]

சும்மா இருக்கத் தெரியாதவர் சும்மா இருந்தால் வீடு தாங்காது. குழாய், மின்விசிறி, கதவுக் கீல் என்று எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடித்தார். அவர் மனைவி பேருந்து ஓட்டுநர். பின்பக்கம் ஏதாவது காய் போடுங்களேன், நான் கொத்தித் தருகிறேன் என்றாள்.

"நீ கொத்தினா அது உன் தோட்டம்."

"அப்ப கொத்தாமயே போடுங்க."

[முதல் வரைவில் மனைவியை நாலு பக்கம் பேச வைத்திருந்தேன். விடிவதற்குள் வண்டி எடுக்கிறவளுக்கு அவ்வளவு நேரம் ஏது?]

3

எரிச்சலில் அவள் சொன்னதை அவர் பிடித்துக்கொண்டார். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிகளைக் கடையில் கேட்டு வாங்கி, புல்லின் மேல் காலாலேயே தள்ளி விரித்தார். நின்றபடி தண்ணீர் பீய்ச்சி நனைத்தார். அதன்மேல் மக்கிய உரம், அதற்கும் மேல் வைக்கோல். அவற்றைக் கொட்டியது மனைவிதான். கொட்டுவது கொத்துவதில் சேராது என்று அவரே தீர்ப்புச் சொன்னார். அட்டைக்குக் கீழே வெளிச்சமில்லாமல் புல் செத்துவிடும். மிச்சத்தை மண்புழுக்கள் பார்த்துக்கொள்ளும்.

விதைக்க ஒரு நீளக் குழாய். அதை வைக்கோலுக்குள் குத்தி, நின்றபடியே மேல்வாயில் விதையைப் போட்டார்.

"கீழ்த்தளம் போயாச்சு" என்றார், ஒவ்வொரு விதைக்கும்.

முதுகு போன ஏழு மாதத்தில் அவர் அடித்த முதல் ஜோக். மனைவி சமையலறைக்குள் போய்ச் சிரித்தாள்.

4

பீன்ஸும் வெள்ளரியும் பந்தலில் ஏறி, அவர் நெஞ்சளவில் காய்த்தன. முள்ளங்கிதான் தகராறு, குனிந்தால்தான் பிடுங்க முடியும். ஒரு மாலை, ஒன்று மட்டும் இரண்டு விரல் உயரம் தலைநீட்டிக்கொண்டு நின்றது. சுற்றிலும் யாருமில்லை. மெல்ல முழங்காலிட்டார். பிடுங்கினார். எழ முடியவில்லை.

[இங்கே நான் எழுந்துபோய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தேன். அவரைக் கத்த விடலாமா என்று யோசித்தேன்.]

அவர் கத்தவில்லை. வைக்கோலில் அப்படியே உட்கார்ந்து, முள்ளங்கியைச் சட்டையில் துடைத்துக் கடித்தார். முக்கால் மணி நேரம் கழித்து மனைவி சீருடையோடு வந்து நின்றாள்.

"மாட்டிக்கிட்டீங்களா?"

"ஆமா. பயப்படாத. மாட்டினவங்ககிட்ட முதல்ல என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியும்."

"என்ன சொல்லணும்?"

"ஆள் வந்துட்டு இருக்காங்க, அதுவரைக்கும் நாம பேசிட்டு இருக்கலாம்னு."

சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் திகைத்துப்போனார். அவள் பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

5

மறுநாள் காலை அவரே அலுவலகத்துக்குப் போன் செய்து, அந்த நாற்காலி இன்னும் காலியா என்று கேட்டார். அது நிச்சயம். என்னால் முடிக்க முடியாதது முந்தின நாள் மாலையைத்தான். அவரை எழுப்ப மூன்று வழி எழுதினேன்: பக்கத்து வீட்டுக்காரர் கைகொடுக்கிறார், மழை விரட்டுகிறது, பந்தல்காலைப் பிடித்து அவரே

மூன்றிலும் அவர்கள் என்னைச் சட்டை செய்யவில்லை. பத்தாவது மாடியில் ஒரு கல்யாண மாப்பிள்ளை மாட்டிக்கொண்ட கதையை அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவள் காலணியைக் கழற்றிவிட்டு, கைக்கெட்டிய வெள்ளரியை ஒடிக்கிறாள். எழுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் நீங்கள் போய் எழுப்புங்கள். கதை பாதியில் நிற்கிறது, கொஞ்சம் பொறுத்துப் போங்கள்.