எழுத்து நேராக மாட்டிய ஸ்டெபிலைசர்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குத் தெரியாத விஷயம் அந்தத் தெருவில் கிடையாது. தெரியாவிட்டாலும் தெரிந்த மாதிரியே சொல்லுவார். கண்ணாடி வாங்கப் போன இடத்தில் எதற்கு வம்பு என்று வந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். ஆட்டிய தலைகளை எல்லாம் அவர் பாராட்டுக் கணக்கில் சேர்த்துக்கொண்டதுதான் வினை.

அவர் மனைவியின் தம்பி நில அளவைக்காரன். அவர் வீட்டு மாடியிலேயே குடியிருப்பு. பிழைப்பு முழுக்கக் கல்லிலும் சேற்றிலும் ஜீப்போடு. பள்ளத்தில் இறங்கினால் ஸ்டீயரிங் கிடுகிடுவென ஆடுகிறது என்று, தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அக்காவிடம் வண்டியை விட்டான். அவள் புது ஸ்டீயரிங் ஸ்டெபிலைசர் மாட்டிக் கொடுத்தாள். முன்சக்கரங்களுக்கு நடுவே குறுக்காகப் படுத்துக் கிடக்கும் உருளை அது. சக்கரம் வாங்கும் உதையை ஓட்டுகிறவன் கைக்கு விடாமல் தானே வாங்கிக்கொள்ளும். “நல்லா ஓடுச்சுன்னா எங்க ஆபீஸ் ஜீப் ஆறையும் உங்ககிட்டயே விடச் சொல்றேன்” என்று மச்சினன் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான். அக்கா அன்றைக்கே பட்டறைக்கு ஓரமாக இன்னும் இரண்டு வண்டி நிற்கிற அளவுக்கு இடம் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

வாசலில் வந்து நின்ற ஜீப்பைக் கடைக்காரர் குனிந்து பார்த்தார். உருளையின் மேல் கம்பெனிப் பெயர் தலைகீழாக இருந்தது. லாட்டரி விழுந்தவன்கூட அப்படிப் பூரித்திருக்க மாட்டான். மச்சினனிடம் சொன்னதற்கு அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நேரே இஸ்திரிக் கடைக்குப் போனார். அங்கிருந்து முடிதிருத்தும் கடை, அப்புறம் மருந்துக் கடை. “பேர் தலைகீழாத் தொங்குது. எழுத்தை நேரா வெக்கத் தெரியாதவங்க எல்லாம் பட்டறை நடத்துறாங்க” என்று மூன்று இடத்திலும் ஒரே மாதிரி சொல்லி, ஒரே இடத்தில் நிறுத்தி, அவர்கள் சிரித்த பிறகு தானும் சிரித்தார். வாரக் கடைசிக்குள் மருந்துக் கடைக்காரர் தன் வேனை வேறு பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். மச்சினன் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், இரவல் வாங்கிய ஸ்பானரோடு ஜீப்புக்கு அடியில் நுழைந்தார்.

“உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை?” என்றாள் மனைவி.

“எழுத்து விஷயத்துல எனக்கே பாடம் எடுக்கிறியா? நீ போ.”

இரண்டு முனையிலும் ஒரே அளவு வளையம். இந்த முனையை அந்தப் பக்கம் மாற்றிப் புரட்டியதும் உருளை மறுபேச்சில்லாமல் உட்கார்ந்துகொண்டது. பெயர் பளிச்சென்று நேராகத் தெரிந்தது. மச்சினனிடம் மூச்சுவிடவில்லை, வண்டி பட்டுப்போல் ஓடுகிறது என்று அவன் வாயால் வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று எண்ணம்.

மூன்றாம் நாள் மச்சினன் மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினான். ஒரு வாய்க்காலில் சக்கரம் இடித்ததும் ஸ்டீயரிங் சுழன்று கையை முறுக்கிவிட்டதாம்.

“நீங்க அன்னைக்கே சொன்னீங்க அத்தான், நான்தான் கேக்கலை. ஆபீஸ்லயும் அந்தப் பட்டறை வேண்டாம்னு சொல்லிட்டேன். வாங்க, நாலு வார்த்தை கேட்டுட்டு வரலாம்.”

 கடையில் ஆள் இல்லை என்றார் கடைக்காரர். கடைதான் இன்றைக்கு விடுமுறையாயிற்றே என்றாள் மனைவி. அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

பட்டறையில் மச்சினன் கத்தித் தீர்த்தான். மெக்கானிக் அக்கா பலகையில் படுத்து வண்டிக்கு அடியில் போய், அங்கிருந்தபடியே பேசினாள்.

“இது நான் மாட்டின மாதிரி இல்லை. இங்க குனிஞ்சு பாருங்க. அரிசி அளவுல ஒரு அம்பு குத்தியிருக்கா? அது மேல பாக்கணும். இப்போ கீழ பாக்குது. உள்ள எண்ணெயும் இருக்கு, காத்தும் இருக்கு. தலைகீழாப் போட்டா எண்ணெய்க்குப் பதிலா காத்தைத்தான் தள்ளும். உதையைக் காத்தா தாங்கும்?”

“அப்போ அந்தப் பேரு?” என்றான் மச்சினன்.

“அம்பு நேரா இருந்தா பேரு தலைகீழாத்தான் வரும். அச்சடிச்சவன் அப்படி அடிச்சிருக்கான். ரோட்டுல கிடக்கிற தவளையா அதைப் படிக்கப் போகுது?”

ஊரார் கண்ணுக்கெல்லாம் பொடி எழுத்தைக் காட்டிச் சோதிக்கிறவர், அந்த அம்பைப் பார்க்கவே இல்லை. பெரிய எழுத்தைப் பார்த்த பூரிப்பில் சின்ன எழுத்தைத் தேடவில்லை.  பக்கத்தில் தொங்கிய பழைய டயர்களை ஒவ்வொன்றாக எண்ணினார்; பதினொன்று இருந்தது.

“எங்க வாசல்ல நின்ன வண்டியை யாருங்க கழட்டப் போறா? மாத்தி மாட்டிட்டுக் கதை சொல்லாதீங்க” என்றான் மச்சினன்.

அக்கா வெளியே வந்தாள். மச்சினனைப் பார்க்கவில்லை, கடைக்காரரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கையைத் துடைத்தாள். துணியில் அழுக்கு ஏறிய பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“நான்தான்” என்றார் கடைக்காரர்.

“என்னது அத்தான்?”

“நான்தான் கழட்டி மாட்டினேன். எழுத்து நேரா வரட்டும்னு.”

மச்சினன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். திட்டியிருந்தாலாவது தேவலை. திரும்பிப் போய் ஜீப்பின் மேல் சாய்ந்து நின்றுகொண்டான்.

“நட்டு முனை எல்லாம் மழுங்கியிருக்கு. தொழில்காரங்க யாரும் இப்படிக் கழட்ட மாட்டாங்க” என்றாள் அக்கா. “எப்போ வாயைத் திறப்பீங்கன்னுதான் பாத்தேன்.”

“மன்னிச்சுக்கம்மா.”

“எங்கிட்ட எதுக்குண்ணே? எனக்கு என் வேலை தெரியும். கேலி பண்ணினது எங்கயோ, அங்க போய்ச் சொல்லுங்க.”

மச்சினன் நிமிராமலே கேட்டான். “ஆபீஸ்ல என்ன சொல்றது நான்? வேண்டாம்னு சொன்னவனே வேணும்னு போய் நின்னா காரணம் கேப்பாங்களே.”

“நடந்ததைச் சொல்லு” என்றார் கடைக்காரர்.  “என் பேரைச் சொல்லியே சொல்லு.”

அக்கா மறுபடி பலகையில் படுத்து அடியில் போய்விட்டாள். அவரைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.

மருந்துக் கடையில் நல்ல கூட்டம். கூட்டம் கலையட்டும் என்று வாசலில் நின்றார். கலைந்ததும் உள்ளே போய் நடந்ததைச் சொன்னார். மருந்துக் கடைக்காரர் “அப்படியா” என்றதோடு சரி. முடிதிருத்துகிறவர் கத்திரியை நிறுத்தினார். நாற்காலியில் இருந்தவர் சுவர்க் கண்ணாடி வழியாகவே அவரைப் பார்த்தார். கடைசியாக இஸ்திரிக் கடை. போன தடவை நன்றாக நிறுத்தி நிறுத்திச் சொன்ன மனிதர், இந்தத் தடவை ஒரே மூச்சில் கொட்டிவிட்டுத் திரும்பினார்.

“இருங்க, இருங்க” என்றான் இஸ்திரிக்காரன். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டான். “இந்தா, கொஞ்சம் வெளிய வா. அண்ணன் ஒண்ணு சொல்றாரு.” பிறகு இவர் பக்கம் திரும்பி, “முதல்லேருந்து சொல்லுங்க. அவளும் கேக்கட்டும்” என்றான்.

கடைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறி, முதலிலிருந்து சொன்னார்.