ஏழாவது கட்டைவிரல்

மரம் வெட்டிச் சாலையில் போட்ட அந்த வாரம் எண்பத்தேழு செப்டம்பர் என்றுதான் நினைக்கிறேன். கிடந்தது புளியா, புங்கனா, நினைவில்லை. இதில் பாதி பூமாலை சொன்னது. மீதியை நானே சேர்த்திருக்கவும் கூடும்.

வெள்ளிமலைக்கு அருகே ஒரு கேழ்வரகு ஆராய்ச்சிப் பண்ணை. பூமாலையோடு சேர்த்து அங்கே ஆறு கூலியாட்கள். அடுத்த மாதத்திலிருந்து யாரும் வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். சங்கமாகப் பதிந்துகொண்டால் எதிர்த்துப் பேசலாம். பதிய ஏழு பேர் வேண்டும். மிச்சமிருந்தவன் ஒச்சியெங் ஒருவன்தான். ஆராய்ச்சிப் பட்டத்துக்காகக் கென்யாவிலிருந்து வந்தவன். இவர்களோடு களை பிடுங்கி, கூழ் குடித்துத் தமிழ் பழகியவன்.

"எனக்கும் ஞாயித்துக்கிழம லீவு இல்லக்கா. நான் சேர்றேன்" என்றான்.

சங்கத்தைப் பதியக் கள்ளக்குறிச்சித் தொழிலாளர் அலுவலகத்துக்குப் பூமாலையும் அவனும் கிளம்பினார்கள். ஜீப் அடிவாரத்தோடு நின்றுவிட்டது. இருவரும் நடந்தார்கள். கள்ளக்குறிச்சிக்கு முன்னால் சாலையின் குறுக்கே மரம், மரத்தின் மேல் வாலிபர்கள். இடஒதுக்கீட்டு மறியல்.

"சாரு இன்னா ஆளுங்க?"

"லுவோ" என்று தன் இனத்தின் பெயரைச் சொன்னான் ஒச்சியெங்.

"அது எந்த லிஸ்ட்டுல வருது?"

பூமாலை முந்திக்கொண்டாள்: "இங்க எந்த லிஸ்ட்டுலயும் இன்னும் சேக்கலப்பா."

"அடப்பாவமே, நம்மள வுட மோசமா கீறாங்களே! வழி வுடுங்கடா!"

முதுகுக்குப் பின்னால் லுவோக்களுக்காக ஒரு கோஷமும் எழுந்தது.

தொழிலாளர் அலுவலகத்தில் அன்று வந்திருந்தவர் ஒரே ஒரு அதிகாரி.

"ஏம்மா, இவரு மாணவரு. வெளிநாட்டுக்காரர் வேற."

"வெளிநாட்டுக்காரங்க சேரக் கூடாதுன்னு எழுதி கீதுங்களா சார்?"

அவர் சட்டப் புத்தகத்தை மெதுவாகப் புரட்டினார். "அப்படி எழுதல. ஆனா தொழிலாளின்னு காட்டணுமே?"

பூமாலை பையிலிருந்து மஸ்டர் ரோலை, கூலியாட்களின் வருகைப் பதிவேட்டை, எடுத்தாள். மேஸ்திரி பிச்சைமுத்து கொடுத்தனுப்பியது. தினமும் வேலை முடிந்ததும் எல்லாரும் வரிசையில் நின்று கைநாட்டு வைப்பார்கள். அது ஊர் வழக்கம் என்று நினைத்து ஒச்சியெங்கும் முதல் நாளே வரிசையில் நின்றுவிட்டான். விருந்தாளியை எப்படித் திருப்பி அனுப்புவது என்று மேஸ்திரியும் அவன் பெயரை எழுதிக்கொண்டார். ஐந்து மாதமாக ஒரு நாள் தவறவில்லை.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "ஆராய்ச்சி பண்றவரு கைநாட்டா?"

"எல்லாரும் விரல் வெச்சாங்க சார். நான் மட்டும் கையெழுத்துப் போட்டா மரியாத இல்ல."

அதிகாரி சிரித்துக்கொண்டே, ஆறு கைநாட்டுகள் ஏற்கெனவே இருந்த விண்ணப்பத்தை நீட்டினார். ஒச்சியெங் சட்டைப்பையில் பேனாவைத் தேடினான். பூமாலை அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"கெடுத்துப்புடாத தம்பி. வெரல வை."

வைத்தான்.

சங்கம் பதிவானது. ஆறு பேரின் வேலையும் தப்பியது. மேனேஜர் மாற்றலாகிப் போனார். பிச்சைமுத்து இறந்துவிட்டார். ஒச்சியெங் தன் நாட்டில் பேராசிரியராக இருக்கிறான். பூமாலை நைனார்பாளையத்தில் மகள் வீட்டில் இருக்கிறாள்.