முன்சீட்

பெட்ரோல், டீசல் வண்டியில் யாரும் வரக் கூடாது என்று பல்கலைக்கழகம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. சுற்றுச்சூழல் கருத்தரங்கு அல்லவா, சொல்லத்தான் செய்வார்கள். கண் தெரியாத ஒருத்தி ஒன்பது கிலோமீட்டர் எப்படி வந்து சேருவாள் என்று மண்டையை உடைத்துக்கொள்வது அவர்கள் வேலையா என்ன?

வழி அவளே கண்டுபிடித்தாள். தங்கையிடம் இரட்டைச் சைக்கிள் இருந்தது. ஒரே சட்டத்தில் முன்னும் பின்னும் இரண்டு சீட். முன்னால் இருப்பவர் திருப்புவார், பின்னால் இருப்பவர் மிதிப்பதோடு சரி. நான்கு வருடம் விண்ணப்பித்து இந்த வருடம்தான் அவளைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அவளுடைய தற்காலிக வேலையை நிரந்தரமாக்க வேண்டியவர்கள் அத்தனை பேரும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். பத்து மணிக்கு மேடையில் இல்லையென்றால் அடுத்தவரை ஏற்றிவிடுவார்கள்.

காலையில் தங்கை வள்ளென்று விழுந்தாள்.

"லீவு போட்டு உனக்கு டிரைவர் வேலை பாக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?"

"நீ ஒண்ணும் வர வேண்டாம். நானே போய்க்கிறேன்."

"போயேன், பாப்போம்!"

தங்கை அப்படிச் சொன்னாலும், வாசலில் அவள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் முன்சீட் கிறீச்சிட்டது. ஸ்டாண்டைத் தட்டிவிடும் சத்தம் கேட்டது. சைக்கிள் கிளம்பியது. என்னதான் மூக்குக்கு மேல் கோபம் வந்தாலும் தங்கை தங்கைதான் என்று அவள் மனம் இளகியது.

பேச்சு மட்டும் இல்லை. மற்ற நாளில் "பள்ளம்", "லெஃப்ட்டு", "நிறுத்தப் போறேன்" என்று அந்த வாய் ஓயாது. இன்று உம்மென்று வந்தது. ஆனால் ஓட்டத்தைக் குறை சொல்ல முடியாது. ஒரு குழியில் இறங்கவில்லை, ஒரு சிக்னலில் நிற்கவில்லை. அதுதான் கொஞ்சம் இடித்தது. பேக்கரி வாசனை, மரக்கடை ரம்பம், பாலத்தின் ஈரக்காற்று என்று எல்லாம் வரிசையாக வந்தன. வழி சரிதான்.

பாலத்தின் மேல் கைபேசி அடித்தது. காதில் மாட்டியிருந்த கருவியை அழுத்தினாள்.

"அக்கா, எங்க இருக்கே? ஹெல்மெட் எடுத்துட்டு வர்றதுக்குள்ள உன்னையும் காணோம், சைக்கிளையும் காணோம்!"

தங்கையின் குரல். மிதிப்பதை நிறுத்தப் பார்த்தாள். இரண்டு ஜோடி பெடலும் ஒரே சங்கிலியில் ஓடுபவை. முன்னால் மிதிக்க மிதிக்க அவள் கால்களும் சுற்றிக்கொண்டேயிருந்தன.

"முன்னாடி யாரு?" என்று கேட்டாள்.

"ஐயோ அக்கா, யாரோ ஓட்டறாங்களா? குதிச்சிடு!"

"மணி என்ன?"

"என்னது?"

"மணி என்னன்னு கேட்டேன்."

"ஒம்போது நாப்பது. அதுக்கென்ன இப்போ?"

குதித்தால் பாலத்தின் நடுவில் திக்குத் தெரியாமல் நிற்க வேண்டியதுதான். ஆனால் சைக்கிள் பல்கலைக்கழகத்துக்குத்தானே போய்க்கொண்டிருக்கிறது! "அப்புறம் பேசறேன்" என்று துண்டித்தாள். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, இன்னும் வேகமாக மிதித்தாள்.

சரளைக்கல் நெறிபட சைக்கிள் நின்றது. நிறுத்துமிடத்துக் காவலாளி ஓடிவந்து பிடித்துக்கொண்டார்.

"வாங்கம்மா. ரெண்டு பேர்ல யாரு பேசப் போறது?"

"நான்தான்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஐயா, கூட வந்தவங்க பாக்க எப்படி இருக்காங்க?"

"என்னம்மா, கிண்டலா? உங்களை மாதிரியேதான். கறுப்புக் கண்ணாடி, கையில வெள்ளைக் கோலு." அவர் சிரிப்பு பாதியில் நின்றது. "ஏம்மா, அவங்களுக்கும் கண்ணு தெரியாதா? அப்ப வண்டிய எப்படி..."

உள்ளே ஒலிபெருக்கி அவள் பெயரைக் கூப்பிட்டது. படி எங்கே என்று கோலால் துழாவினாள். பின்னாலிருந்து சில்லென்ற விரல்கள் அவள் முழங்கைக்கு மேலே பற்றின. இழுக்கவில்லை, தள்ளவில்லை. பிறந்ததிலிருந்து அவள் அடுத்தவர் கையைப் பிடித்து நடந்ததெல்லாம் அப்படித்தான். இனி நீ முன்னால் போ, நான் பின்னால் வருகிறேன் என்கிற பிடி அது.

ஒலிபெருக்கி இரண்டாம் முறை கூப்பிட்டது. பிடி இறுகியது.

அவள் முதல் படியில் கால் வைத்தாள்.